ஆற்றுப் பக்கத்து ஜன்னல்

முதலில் சிரிப்புதான் கேட்டது. சல்லிக் கற்களில் செருப்பு இடற, ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையில் நாலடுக்கு டிபன் கேரியரையும் பிடித்துக்கொண்டு தையல்நாயகி மெயின் பாதையிலிருந்து பிரிந்த சைடிங் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வந்தாள். கொள்ளிடம் பாலத்துக்கு இந்தப் பக்கம், கருவேல மரங்களுக்கு நடுவே ஒற்றையாக நின்ற ரயில் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு ஆண்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது. ஒன்று மெல்லிய குரல், வாய் குறுகிய சொம்பிலிருந்து தண்ணீர் விழுகிற மாதிரி விட்டுவிட்டு வந்தது. மற்றது அடிவயிற்றில் கிளம்பி, மூச்சு முட்டி, இருமலில் போய் நின்று, மறுபடியும் தொடங்குகிற சிரிப்பு. யாரோ நன்றாகச் சிரிக்கிறார்கள், நல்ல மனுஷன் போலிருக்கிறது என்று நினைத்தாள். அந்த மனுஷனோடு நாலு வருஷம் குடித்தனம் பண்ணியவள் அப்படித்தான் நினைத்தாள், யாரோ என்று. இரும்புப் படியில் கால் வைத்தாள். படி கிரீச்சிட்டது. சிரிப்பு நின்றது. குழாயை மூடின பிறகும் இரண்டு சொட்டு விழுமே, அதுபோல மெல்லிய குரலிலிருந்து இரண்டு சொட்டு விழுந்து, பிறகு அதுவும் நின்றது. அது நடந்து நாற்பத்து நாலு வருஷம் ஆகிறது. இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டே கால். விழுப்புரத்துச் சொந்த வீட்டின் பின்னறையில், தொளதொளவென்று ஆகிவிட்ட ரவிக்கையைச் சின்னதாக்குவதற்காகப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அவர் பிளேடால் பிளாஸ்டிக்கைக் கீறுகிறார். கீறுகிற சத்தம் கிரீச்சிடுகிறது, நிற்கிறது. அந்த நிற்கிற இடத்தில்தான் அவளுக்கு அது மறுபடியும் கேட்கிறது.

வேதாசலம் முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் பாதை இன்ஸ்பெக்டராக இருந்தவர். ரயில் ஓட்டுகிறவர்கள் வேறே, டிக்கெட் கிழிக்கிறவர்கள் வேறே, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேறே, அவர் தண்டவாளத்துக்காரர். ஓய்வு பெற்ற மறுமாதம் பின்னறையில் ஒரு பெரிய மேஜை போட்டார். பதினெட்டு வருஷத்தில் அந்த மேஜையின்மேல் ஒரு ஊர் வந்துவிட்டது. சிகப்பு ஓட்டு ஸ்டேஷன், கைகாட்டி, தேங்காய் நாரில் மரம், பாலத்துக்குக் கீழே கண்ணாடித் துண்டில் ஓர் ஆறு. சுண்டுவிரல் உயரத்து ரயில்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஸ்விட்சைப் போட்டு அரைமணி நேரம் ஓட்டுவார். யாரும் வருவதில்லை, யாரையும் கூப்பிடுவதும் இல்லை. இந்த ஊரில் மொத்தமே இரண்டு பேர், அவரும் நாற்காலியில் அவளும். இன்று காலையில் இட்லித் தட்டிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "தையலு, அந்தச் செவப்புப் பெட்டி சும்மாத்தானே நிக்குது? எடுத்துக்கட்டுமா?" "எதுக்கு?" "நாங்க தங்கியிருந்த கேம்ப் வண்டி மாதிரி ஒண்ணு பண்ணலாம்னு. சூசை ஞாயித்துக்கிழமை வரான் இல்ல, அவன்கிட்ட குடுக்கலாம்." "எடுத்துக்குங்களேன்." அவ்வளவுதான் பேச்சு. எடுத்துக்குங்களேன். அந்தச் சொல்லை இப்போது நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கடைசியில் ஓர் ஏன் இருக்கிறது அதில். எடுத்துக்குங்கள், ஏன்? கேட்கிறவருக்குச் சம்மதம் மட்டும்தான் கேட்கும். கேட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அது சும்மா நிற்கிற பெட்டி இல்லை. அவர் செய்த முதல் பெட்டி அது. கல்யாணமான மறுநாள் சீர்காழியில் ஏறி விழுப்புரம் வந்தார்களே, அந்தப் பாசஞ்சர் பெட்டி. மர பெஞ்சு, இரும்புக் கம்பி ஜன்னல், செங்காவி நிறம். மூன்று மாதம் செய்தார். கடைசியில் சாமணத்தால் ஒரு பொம்மையை எடுத்து மூன்றாவது ஜன்னல் ஓரம் ஒட்டினார், சுண்டுவிரல் நகம் அளவு, பச்சைப் புடவை, சின்னக் கொண்டை. "யாருன்னு தெரியுதா?" "யாரு?" "பாரு." அவர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளுக்குச் சொன்ன காதல் வார்த்தை அந்தப் பாரு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் உப்பு எங்கே, சாவி எங்கே, பாப்பா போன் பண்ணினாளா. பதினெட்டு வருஷமாகச் சாயங்காலம் வண்டி வளைவில் திரும்பும்போது அவள் மூன்றாவது ஜன்னலுக்காகக் காத்திருப்பாள். ஒன்று, இரண்டு, இதோ. பச்சை. போய்விடும். மறுபடியும் சுற்றி வரும். இடி இடித்தாலும் மழை கொட்டினாலும் வரும். சாகிற வரைக்கும் வரும் என்றுகூட நினைத்திருந்தாள், அசட்டுத்தனமாக. இப்போது அந்தப் பெட்டியின் கூரை கழற்றி ஓரமாகக் கிடக்கிறது. பெஞ்சுகளை நெம்பி எடுத்துவிட்டார், முறிந்த தீக்குச்சி மாதிரி ஒரு குவியல். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் அவள் கிடக்கிறாள், மல்லாந்து, உட்கார்ந்த கோலத்தில் கால் மடங்கினபடி. அவளை என்ன செய்யப்போகிறார்? இதுதான் இரண்டேகால் மணியிலிருந்து அவளைத் தின்கிறது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம். எழுபத்திரண்டு வயதில் ஒரு கிழவி, அந்தப் பொம்மையை என்ன பண்ணப்போறீங்க என்று கேட்டால் சிரிக்கமாட்டாரா? சிரித்தால்கூடப் பரவாயில்லை. எந்தச் சிரிப்பு சிரிப்பார் என்பதுதான்.

அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. வீட்டில் அவர் சிரித்ததில்லை என்று இல்லை. பாப்பா நடை பழகினபோது சிரித்தார், தொலைக்காட்சியில் யாராவது வழுக்கி விழுந்தால் சிரிப்பார். அது கன்னத்துச் சிரிப்பு. வயிற்றுச் சிரிப்பை அவர் பதினொரு வருஷம் கேம்ப் வண்டியிலேயே வைத்திருந்தார், நல்ல பாத்திரத்தை வேறு வீட்டில் வைத்திருக்கிறவர் மாதிரி. திங்கட்கிழமை விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான். பாலம், தண்டவாளம் மாற்றுவது, மண் சரிவு, எங்கே வேலையோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பழைய பாசஞ்சர் பெட்டிதான். ஓடித் தேய்ந்ததை, ஆள் ஏற்ற லாயக்கில்லாததை, பெஞ்சைப் பிடுங்கிவிட்டு எட்டு கேங்மேன்கள் படுக்க ஒரு பக்கம், நடுவில் சம்மட்டியும் கடப்பாரையும், கடைசியில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு கட்டிலும் அடுப்பும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பத்மாசனி, ரயில் கார்டு பெண்டாட்டி, கொடியில் அவர் சட்டையைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: "ஏண்டி தையலு, ஆறு நாள் காட்டுல கெடக்கற மனுஷன் சட்டைக் காலர் இப்படியாடி இருக்கும், மல்லிப்பூ மாதிரி? ஆம்பளை தொவைச்ச துணியா இது? யாருடி அங்க ஆக்கிப் போடறா?" "யாரோ டிராலிமேனாம், இவர் டிராலியைத் தள்றவன், சமையலும் அவன்தானாம், சூசைன்னு பேரு." "ஆமா, சூசைன்னா சூசைதான். சூசையம்மான்னு ஒருத்தி இருந்தா உங்கிட்ட வந்து சொல்வாங்களா?" பத்மாசனி சிரித்துவிட்டுப் போய்விட்டாள், இவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் பாப்பாவை அவளிடமே விட்டுவிட்டு, வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு வறுவல், பருப்புத் துவையல், சாதம் என்று கேரியர் கட்டிக்கொண்டு ரயிலேறினாள். போகிற வழியெல்லாம் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வரைந்துகொண்டு போனாள். கறுப்பு, திடமான கை, பல் வெள்ளை. என்ன பேசவேண்டும் என்பதைக்கூட மனப்பாடம் செய்திருந்தாள். ரயிலின் தாளத்துக்கு அது ஒரு பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே பெண் இல்லை. முப்பத்தைந்து வயதில் ஒல்லியாக ஒருத்தன், காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஈரத் துண்டு, அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே முக்காலியைத் தோள் துண்டால் துடைத்து, "அம்மா, ஒக்காருங்கம்மா" என்றான். அவள் புருஷன் கேட்டது: "என்ன இங்க? பாப்பாவுக்கு உடம்புக்கு என்ன?" கேங் ஆட்கள் பாலத்தில் இருந்தார்கள். பெட்டிக்குள் மீன் குழம்பு வாசனை. சைவ வீடு அவளுடையது. மாமியார் இருந்தவரை வெங்காயத்துக்கே நாள் கிழமை பார்த்தவர்கள். சுவரில் இரண்டு ஆணி, இரண்டு தட்டு, இரண்டும் ஒரே அளவு, இரண்டும் அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தன. மீனைக்கூட அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். அந்த இரண்டு ஈரத் தட்டுகளைத்தான் இன்னும் முடியவில்லை. வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தன் தட்டை எடுப்பாள். அது யாரும் போட்ட சட்டம் இல்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் யார் பரிமாறுவது? இங்கே யார் பரிமாறினார்கள்? நடுவில் சட்டியை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் எடுத்துப் போட்டுக்கொண்டார்களா? எதைச் சொல்லிச் சிரித்தார்கள்? பெண்ணாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பெண்ணாக இருந்திருந்தால் அழலாம், கத்தலாம், அண்ணனுக்குக் கடிதம் எழுதலாம், பத்மாசனி உட்பட குவார்ட்டர்ஸ் முழுக்க அவள் கட்சியில் நின்றிருக்கும். இதற்கு என்ன பேர் சொல்லி அழுவது? என் புருஷன் சமையல்காரனோடு சந்தோஷமாக இருக்கிறார் என்றா? கும்பகோணம் காலேஜில் தமிழ் வகுப்பில் பொறாமையைச் சொல்லும் அழுக்காறு என்ற சொல்லை அழுக்கு, ஆறு என்று பிரிக்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவளுக்கு அது எப்போதும் அழுக்கு, ஆறு. கரை தெரியாமல், சத்தம் இல்லாமல், ஊருக்கு வெளியே போய்க்கொண்டே இருக்கிற ஒன்று.

தகர வேலை நடக்கிறது இப்போது. மாத்திரை அட்டையின் பின்பக்கத்து வெள்ளித் தாளை உரித்து, சீப்பின் பல்லால் அழுத்தி வரிவரியாகப் பள்ளம் போடுகிறார். நெளித் தகரம் ஆகிவிடுகிறது. கூரைமேல் தண்ணீர்த் தொட்டிக்குக் கண்மருந்து மூடி. புகைபோக்கிக்கு எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில். ஏணிக்கு ஸ்டேப்ளர் ஊசி. அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது, அவள்தான் காலையும் மாலையும் உள்ளங்கையில் வைக்கிறாள். அந்த மாத்திரை அட்டைதான் சூசையின் தகரம். விரல் நடுங்குகிறது அவருக்கு. முன்பு இவ்வளவு நடுங்கவில்லை. நாக்கின் நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது, பாப்பா வரைபடம் வரையும்போது செய்வாளே, அப்படி. இந்த முகத்தை அவள் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, ஒரு தகரத்துக்கு, ஒரு ரீஃபிலுக்கு, விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறி வரப்போகிற ஒரு கிழவனுக்கு. போன வாரம் போன் வந்தது. யார் நம்பர் கொடுத்தார்களோ. "ஐயாவா? நான் சூசைங்கய்யா" என்று அந்த மெல்லிய குரல், அதே சொம்பு, தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது, போனை எடுத்தவள் அவள்தான். "அம்மா நல்லா இருக்கீங்களா, பாப்பா நல்லா இருக்கா?" எல்லாம் கேட்டான். அவள் நன்றாகப் பேசினாள். வீட்டு வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு இங்கேதான் என்றுகூடச் சொன்னாள். அப்புறம் போனை அவரிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், அவர் சிரித்தால் கேட்கக்கூடாது என்று. குழாய் ஓடுகிற சத்தத்துக்குள் காதைத் தீட்டிக்கொண்டும் நின்றாள்.

சாமணம் மூடிக்குள் போகிறது. அவள் கையில் ஊசி நிற்கிறது. அவர் பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். "இதுவே போதும்" என்கிறார், தனக்குத்தானே. "எதுக்குப் போதும்?" குரல் வந்துவிட்டது, தடுப்பதற்குள். "சூசைக்குத்தான். உக்காந்த மாதிரியே இருக்கு பாரு, அடுப்புக்கு முன்னால வெச்சா அவனேதான். காக்கி அடிச்சு, தோள்ல ஒரு வெள்ளைக் கோடு. துண்டு." "அது பொம்பளைப் பொம்மை." "இந்தச் சைஸுல ஆம்பளை என்ன பொம்பளை என்ன? கொண்டையைச் சீவிட்டா ஆச்சு." பிளேடு எடுத்துச் சீவிவிட்டார். ஒரே சீவல். கொண்டை மேஜைமேல் விழுந்தது, கடுகைவிடச் சின்னது, எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. அவள் கை தானாகத் தன் பின்னந்தலைக்குப் போயிற்று. அங்கே இருந்தது, எலுமிச்சம்பழம் அளவு, நரைத்து. அவளுடைய அப்பாவின் அத்தை ஒருத்தி தலை மழித்து இருட்டறையில் உட்கார்ந்திருந்ததை ஆறு வயதில் பார்த்திருக்கிறாள். அந்தத் தலை நினைவுக்கு வருகிறது, ஏன் வருகிறது, சீ, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள், அதுவும் இவர் எதிரே உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது. மூச்சு விடுகிறாரா? விடுகிறார். மூக்கில் விசில் மாதிரி ஒரு சத்தம். காக்கியில் தூரிகையைத் தொட்டு மெதுவாகப் பச்சையின்மேல் வைக்கிறார். முதலில் தோள். மார்பு. மடி. பச்சை ஓரிடத்தில் விடாப்பிடியாகத் தெரிகிறது, இன்னொரு பூச்சு. போய்விட்டது. பதினெட்டு வருஷம் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தவள் ஒரு நிமிஷத்தில் சமையல்காரனாகிவிட்டாள், அதுவும் அவருக்குத் தெரியாமலே. தெரிந்து செய்திருந்தால்கூடத் தாங்கலாம். கோபமாக, வேண்டுமென்றே, நீ போ என்று. இவர் மறந்துவிட்டார். யாருன்னு தெரியுதா என்று கேட்டவர் யார் என்பதையே மறந்துவிட்டார். உட்கார்ந்திருக்கும் பொம்மை தேவைப்பட்டது, உட்கார்ந்திருக்கும் பொம்மை இருந்தது.

"தையலு." "ம்." "ஒண்ணு கேக்கணும். உனக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்ல, இருந்தாலும் கேக்கறேன். அந்த வண்டிச் சமையல்கட்டுல ரெண்டு ஜன்னல் எதிரெதிரா இருக்குமில்ல. ஒண்ணைச் சூசை தகரம் வெச்சு அடைச்சு அதுல அலமாரி போட்டிருந்தான். இன்னொண்ணுதான் தொறந்திருக்கும். அடைச்சது எது?" "உங்களுக்குத் தெரியாதா, பதினொரு வருஷம் இருந்தீங்களே?" "அதான் வம்பு. வண்டியை ஊர் ஊராக் கொண்டுபோனாங்க. ஒரு ஊர்ல மெட்ராஸ் பாத்து நிக்கும், ஒரு ஊர்ல திருப்பி விட்டு திருச்சி பாத்து நிக்கும். நான் எப்பவும் மெட்ராஸ் பக்கம், திருச்சி பக்கம்னே நெனைச்சுப் பழகினவன். இடது வலதுன்னு நெனைச்சதே இல்ல. ஒரு எடத்துல ஜன்னலைத் தொறந்தா ஆறு, ஒரு எடத்துல தொறந்தா ரோடு, எல்லாம் கொழம்பிப்போச்சு. நீ ஒரே தடவை வந்தே. அடுப்பைப் பாத்து நின்னா வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது?" அவள் அங்கேதான் நிற்கிறாள். நாற்பத்து நாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள், கேரியரை எங்கே வைப்பது என்று தெரியாமல். இடப்பக்கம். இடது கன்னத்தில் ஆற்றின் வெளிச்சம் சுட்டது. இடப்பக்கம் ஜன்னல், ஜன்னல் கட்டையில் சோப்புத் துண்டு ஒன்று, அதன்மேல் பாசி நிற நூல் சுற்றிய தூண்டில் முள். வெளியே மணல், மணலுக்கு அப்பால் ஒரு வரி தண்ணீர். ஜன்னலுக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்து உட்காருகிற மாதிரி ஒரு ஸ்லீப்பர் கட்டை, தேய்ந்து வழவழத்து. சாயங்காலம் இங்கே உட்கார்ந்துதான் அவர்கள் ஆற்றைப் பார்ப்பார்கள் என்று அந்தக் கட்டையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வலப்பக்கம் தகரம், அலமாரி, உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, மாதா படம், அதற்குப் பக்கத்தில் அவர் ஒட்டியிருந்த முருகன் காலண்டர். எல்லாம் இருக்கிறது. பொறாமைக்கு இருக்கிற கண் வேறு எதற்கும் இல்லை. "வலது பக்கம்" என்றாள். "வெளிச்சம்?" "வெளிச்சம் வலது பக்கம். இடது பக்கம்தான் அடைச்சிருந்தது." "நல்லா ஞாபகம் இருக்கா?" "நான்தான் நின்னேனே." "அதானே பாத்தேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பசை ஒரு துளி. தகரத்தை இடது ஜன்னலில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டு உதடு அசையாமல் எண்ணுகிறார். அவளும் எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு. பத்துக்குள் சொல்லிவிடலாம். ஐயோ தப்பு, இடது என்று. பன்னிரண்டு. வயதானவர்களுக்கு இடது வலது மாறிப்போவது சகஜம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இருபது. அந்தத் தகரத்துக்குப் பின்னால் ஆறு இருக்கிறது, மணல் இருக்கிறது. அடுப்புக்கு முன்னால் காக்கியில் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து பார்த்தால் தகரம்தான் தெரியும். உட்காரட்டும். முப்பது. என்ன ஒரு சந்தோஷம், நெஞ்சுக்கூட்டில் சின்னதாக, சூடாக, திருட்டு வெல்லம் தின்கிற மாதிரி. அந்தப் பதினொரு வருஷத்தில் அவள் கை பட்டது இது ஒன்றுதான். அவர்கள் சமைத்தது, சாப்பிட்டது, சிரித்தது எதிலும் அவள் இல்லை. இந்தத் தப்பு மட்டும் அவளுடையது. விரலை எடுத்துவிட்டார். தகரம் நிற்கிறது. உடனே சந்தோஷம் கசந்தது. என்ன செய்துவிட்டேன்? எழுபத்தெட்டு வயது மனுஷன், கை நடுங்குகிறவர், ஒரு காரியத்தில் ஒரு கோடு தப்பினால் மூன்று நாள் தூங்காதவர், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்கிறார். மேஜைமேல் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து கோணியது என்று மூன்று தடவை எழுதினவர். வாழ்நாள் முழுக்க தண்டவாளம் அரை விரல் விலகினால் ஆள் செத்துப்போவான் என்று நடந்தவர். அவருக்குப் போய்ப் பொய்யை ஒட்டிக்கொடுத்தாளே. ஆனால் அவர் சீவினாரே. ஒரே சீவல். யாருடையது என்று கேட்டாரா? இதற்கு அது. அதற்கு இது. இப்படிச் சரிக்கட்டிப் பார்த்தால் எங்கேயோ ஒரு நூல் மிச்சம் தொங்குகிறது, இழுக்க இழுக்க வருகிறது. கீழே பார்த்தால் ரவிக்கையின் பக்கத் தையலோடு நிற்காமல் தோள்பட்டை வரைக்கும் பிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். ரவிக்கையின் கை தனியாக மடியில் விழுந்து கிடக்கிறது.

எழுந்து காபி போட்டாள். மூன்றே முக்கால். பால் பொங்கும்வரை நின்றாள், பொங்கினபோது அணைக்க மறந்தாள். டம்ளரை அவருக்கு எட்டும் இடத்தில், பசைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் நின்றாள். வாய் வேறெதையோ கேட்டது. "அன்னிக்கு நான் வந்தப்போ ரெண்டு பேரும் சிரிச்சுட்டிருந்தீங்க." "என்னிக்கு?" "கேம்ப் வண்டிக்கு ஒருநாள்தானே வந்தேன்." "சிரிச்சோமா?" காபியை ஊதினார். நிஜமாகவே யோசிக்கிறார், புருவத்துக்கு நடுவே அந்தக் கோடு விழுந்தால் நிஜமாக யோசிக்கிறார் என்று அர்த்தம். "ஞாபகமில்லையே. அவன் எதையாவது சொல்லிட்டே இருப்பான். கேங்மேன்ல ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பயந்து மரத்துல ஏறி உக்காந்த கதை ஒண்ணு சொல்வான், அதா இருக்கும். இல்ல வேற ஏதாவது." "நான் ஏறினதும் நின்னுபோச்சு." "என்ன நின்னுபோச்சு?" "சிரிப்பு." "பின்ன? நீ அப்படி வந்து நின்னா? மூஞ்சியெல்லாம் வேர்த்து, மஞ்சப் புடவை முள்ளு கிழிச்சு. கேரியர் கைப்பிடி அழுந்தி உள்ளங்கையில செவசெவன்னு ஒரு கோடு. நான் பயந்தே போயிட்டேன், கொழந்தைக்கு என்னமோன்னு. அந்தக் கை இன்னும் கண்ணுல இருக்கு." காபியைக் குடித்து முடித்து டம்ளரை நீட்டினார். "வண்டி எப்படி இருந்ததுன்னு கேளு, தெரியலை. உன் கை தெரியுது." அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு கோடும் இல்லை, இருந்த கோடுகள்தான். மஞ்சள் புடவை. ஆமாம், மஞ்சள்தான். முள் கிழித்ததை அவள் மறந்தே போயிருந்தாள். அவள் பெட்டியை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரத்தில் இவர் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதை அப்போதே ஒருதரம், அந்தச் சனிக்கிழமையாவது, குழம்பு நல்லாயிருக்கு என்று சொன்ன வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? நாற்பத்து நாலு வருஷம் கழித்து, கொண்டையைச் சீவி, காக்கி பூசி, பசை காய்ந்த பிறகா?

இனி எப்படிச் சொல்வது? தகரத்தைப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து முறியும், பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிசு. ஏன் வலது என்று சொன்னாய் என்று கேட்பார். கேட்கக்கூட மாட்டார், பரவாயில்லை விடு, வயசாச்சு என்பார். அதுதான் இன்னும் மோசம். சொல்லலாம், சொல்லலாம் என்று அவள் ரவிக்கையின் கையை எடுத்துத் தோளோடு சேர்த்து ஊசி போடத் தொடங்கினாள். அவர் கூரையை எடுத்துப் பொருத்தினார். புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினார். பெட்டியின் பக்கவாட்டில், முன்பு இரண்டாம் வகுப்பு என்று இருந்த இடத்தில், வெள்ளை மையால் கேம்ப் என்று எழுதினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ப் வரைக்கும் வந்து மேலே புள்ளி வைத்ததும் மூச்சை விட்டார். தண்டவாளத்தில் வைத்து விரலால் தள்ளினார். ஓடியது. கண்ணாடி ஆற்றைத் தாண்டிப் போய் நின்றது, தகரப் பக்கம் ஆற்றைப் பார்த்தபடி. "எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு" என்றாள். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. எழுந்து போய் மோட்டார் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சூசை வந்தார். வெள்ளை வேட்டி, தடிமனான கண்ணாடி, கையில் ஒரு பை நிறையச் சப்போட்டாப் பழம். அன்று இரண்டு பேருக்கும் சேர்த்து இலை போட்டாள். வத்தக்குழம்பைச் சூசை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பெட்டியைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள ஒக்காந்திருக்கறது நானாங்கய்யா?" "பின்ன யாரு?" சூசை பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பினார். தகரத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார், வேதாசலத்தை அல்ல, அடுக்களை வாசலில் மோர்ச் சொம்போடு நின்றவளை. அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. "என்னடா, ஏதாவது தப்பா இருக்கா?" "தப்பா?" என்றார் சூசை. "அச்சு அசலா இருக்குங்கய்யா. அம்மா பக்கத்துல இருந்து சொல்லிச் செஞ்ச மாதிரி இருக்கு." வேதாசலம் வாயெல்லாம் பல்லாக அவள் பக்கம் திரும்பினார். அவள் மோரை ஊற்றினாள். பெட்டியைப் பழந்துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு சூசை நாலரை பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

வேதாசலம் மறு வருஷம் தை மாதம் போய்விட்டார். சூசை விருத்தாசலத்தில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். எண்பத்திரண்டு வயதாகிறது, தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறார்.